வெள்ளாட்டின் வலது இருக்கை

திருச்சுழி தாண்டி நரிக்குடி போகிற பஸ்ஸில் ஏறி, "ஏர்போர்ட்டு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் என் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏர்போர்ட்டுன்னு ஸ்டாப்பு கெடையாது. கரிமூட்டம்னு ஒண்ணு இருக்கு. எறங்கிக்கிறீகளா?"

கரிமூட்டத்தில் இறங்கினேன். உச்சிப்பொழுது. பஸ் கிளம்பியதும் உலகத்துச் சத்தமெல்லாம் அதில் ஏறிப் போய்விட்டதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வெட்டிய விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீ வைத்திருந்தார்கள். மேட்டின் வெடிப்புகளில் நீலப்புகை கசிந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. வழி கேட்கலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் முள்காட்டுக்குள் கொஞ்ச தூரம் போய், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். மரங்கள் சட்டென்று முடிந்து, எதிரே ஒரு பெரிய வெறுமை விரிந்தது. ஓடுதளம். வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்டதாகச் சொல்வார்கள். அவன் போனபிறகு சுற்றுப்பட்டி ஜனங்கள் மிளகாய் வற்றல் காயப்போட்டார்களாம். இப்போது ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறது. தளத்தின் நடுவில் கானல், கண்மாய்த் தண்ணீர்போல அலையடித்தது. அந்தத் தண்ணீருக்கு அப்பால் ஒரு சின்ன வெள்ளை விமானம், மேய்ந்து முடித்த ஆடுபோல் நின்றுகொண்டிருந்தது.

அதன் வலதுபக்க இருக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

கிட்டப் போனபோது யாரும் இல்லை. கானல் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பறந்ததில்லை. அப்பா ரத்தினம், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மாட்டுத் தரகர். தாத்தாவும் அதேதான். சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் ஒரு துண்டு மூடிக்கொள்ளும். உள்ளே விரலைப் பிடிப்பதுதான் பேச்சு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையைப் பிடித்தால் ஐந்து. பேரம் படிந்தால் உள்ளங்கையோடு உள்ளங்கை அழுத்துவார்கள். முறிந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். உதறாதவரை பேரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். முகம் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லும். துண்டுக்குள் இருக்கிற கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. விற்க மனமில்லாமல் சும்மா நோட்டம் பார்க்கிற கை எப்படி இருக்கும் என்று, மீசை முளைக்கும் முன்பே எனக்குத் தெரியும்.

நான் விமானம் ஓட்டப் போகிறேன் என்றதும் அப்பா கேட்டார்:

"மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாம். பிளேனுக்கு எங்கனடா புடிச்சுப் பாப்ப?"

"அதுக்கு இன்ஜினீயரு இருக்காருப்பா."

"விக்கிறவனும் அவன்தான, பல்லு பாக்கிறவனும் அவன்தான? நல்லா வெளங்கும்" என்றவர், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டார். "வேர்வை தொடைக்கவாச்சும் ஆகும். வச்சுக்க."

பள்ளியில் என்னை முதலில் வரவேற்றது கேன்டீன் ராமலட்சுமி அக்காதான். நான் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே சோற்றைப் போட்டுவிட்டார்.

"நல்லாச் சாப்பிடுங்க தம்பி. வெள்ளாட்டுல ஏறி எறங்குனப்பெறகு தொண்டையில எறங்காது."

இரண்டு விமானங்கள் இருந்தன. இரண்டிலும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்; இடதில் மாணவன், வலதில் ஆசிரியர். ஒன்று புதுசு. வெயிலில் நான் பார்த்த பழசுக்குத்தான் வெள்ளாடு என்று பெயர். தரையில் இறங்கும்போது துள்ளும் என்பதால் வைத்த பெயர். விளையாட்டாக வைத்த பெயர்தான். பிறகு அதில் ஒரு பையனுக்கு முன்சக்கரம் முறிந்தது. இன்னொருவன் நாக்கைக் கடித்துத் துண்டாக்கிக்கொண்டான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒவ்வொருவராக ஊருக்குப் போய்விட, நான் சேர்ந்தபோது மிஞ்சியது மல்லாங்கிணற்றுத் தங்கச்செல்வி ஒருத்திதான். நீளமான விடுதியின் அந்தக் கோடியில் அவள் அறை, இந்தக் கோடியில் என் அறை. நடுவில் வரிசையாகப் பூட்டிய கதவுகள். மாலையில் மயில்கள் அகவும். அவை அடங்கினால் காற்றுக்குத் தகரம் முனகும். அவ்வளவுதான் அந்த இடத்தின் பேச்சு.

எங்கள் ஆசிரியர் கேப்டன் சதீஸ்குமார் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்வார்.

"இறங்கறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. தரைக்கு ஒரு ஆள் உயரம் இருக்கும்போது கைப்பிடியை மெதுவா உன் பக்கம் இழு. மூக்கு தூக்கும், சக்கரம் உக்காரும். முன்கூட்டியே இழுத்தா மறுபடி மேலே எழும்பும், வேகம் செத்துப்போகும், பொத்துன்னு விழும். இங்கே எல்லாரும் கானலைத் தரைன்னு நம்பி முன்கூட்டியே இழுத்துடறீங்க. கண்ணுதான் குற்றவாளி."

காரணம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். அவர் வெள்ளாட்டில் ஏறும்போது வலது இருக்கையைக் கையால் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் உட்காருவார். நெரிசலான பஸ்ஸில், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று தட்டுவோமே, அப்படி. அவர் உட்கார்ந்திருக்கும்வரை வெள்ளாடு பசுபோல இறங்கும். மாணவர்கள் தனியாக எடுத்துப்போன நாட்களில்தான் துள்ளியிருக்கிறது.

கேன்டீன் சுவரில் மாலை போட்ட ஒரு படம் மாட்டியிருந்தது. வெள்ளைச் சீருடை, தோள்பட்டையில் தங்கப்பட்டை. அதன் மேலே சிவப்புக்கரைத் துண்டு. கேப்டன் வேஷத்தில் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி. எனக்குச் சிரிப்பு வந்தது.

"காளிராஜ் சாரு" என்றார் ராமலட்சுமி அக்கா. "நரிக்குடிப் பக்கம். எத்தனை ஊரு பறந்தாலும் துண்டை விடமாட்டாக. வாயில கிராம்பு கெடக்கும், அதனால பேச மாட்டாக. கையாலதான் பாடம். புள்ளைக கைப்பிடியும் இவுக கைப்பிடியும் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுதான? இங்கிட்டு மெல்லத் தட்டுனா அங்கிட்டு வெளங்கிரும்."

"எப்படி இறந்தாரு?"

அக்கா பதில் சொல்வதற்கு முன் வாசலைப் பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"இதே ரன்வேயிலதான். படிக்கிற பையன் தொப்புன்னு போட்டுட்டான். பிளேனு முள்ளுக்குள்ள போயிருச்சு. பையனுக்கு மண்டையில ஒரே ரத்தம். இவுகளுக்கு வெளியில ஒரு கீறல் இல்ல. 'அவனைக் கொண்டுபோங்க, நான் இருக்கேன்'னாக. இருந்தது ஒரு ஜீப்பு. சதீஸ் சாருதான் ஓட்டுனாரு. எல்லாரும் அதுலயே தொத்திப் போயிட்டாக. திரும்பி வந்து பாத்தா, கைப்பிடியைப் புடிச்சபடியே உக்காந்திருக்காக. உசுரு இல்ல. உச்சி வெயிலு, ஒத்தை ஆளு. விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தாகளாம்."

அந்த விமானம் இரும்புக் கடைக்குப் போனது. வலது இருக்கையும் கைப்பிடியும் மட்டும் சேதமில்லாமல் இருந்ததால் கழற்றி வெள்ளாட்டில் பொருத்திவிட்டார்கள். நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. நல்லதாக இருக்கிற உருப்படியைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

தங்கச்செல்வி முதல்முறையாகத் தனியே பறந்தது ஒரு சனிக்கிழமைக் காலை. வெள்ளாட்டில். நான் ஓடுதளத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். நேராக, அழகாக வந்தாள். தொடப்போகிற நேரத்தில் விமானம் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் எழும்பியது. அந்தரத்தில் நின்றது. விழுந்தது.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு மேலே பட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் அம்மாவைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, கிட்ட வரச் சொன்னாள்.

"நான் இழுக்கல மாதவா."

"சரி."

"சரின்னா என்ன சரி? நான் முன்னுக்குத் தள்ளுறேன், அவுக பின்னுக்கு இழுக்காக."

"யாரு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கிராம்பு வாடை வந்துச்சு."

திரும்பி வருகிற சரக்கோடு எப்போதும் ஒரு காரணமும் கூடவே வரும் என்பது எங்கள் சந்தை அனுபவம். நான் நம்பவில்லை. அந்த மாதக் கடைசியில், வெள்ளாட்டைச் சரிபண்ணி முடித்ததும், என் முறை வந்தது.

காலை வெயில் அப்போதே உறைத்தது. சதீஸ்குமார் தன் இருக்கையிலிருந்து இறங்கி, காலியான இருக்கையின் மேல் பெல்ட்டைக் குறுக்கே இழுத்து மாட்டினார். தனியாகப் பறக்கும்போது அப்படித்தான் செய்யவேண்டும். இல்லாவிட்டால் வார் எதிலாவது சிக்கிக்கொள்ளும். விதி அதுதான். ஆனால் இறுக்கிக் கட்டிய பெல்ட் இருக்கையில் அமுங்காமல், யார் வயிற்றையோ சுற்றியதுபோல் கொஞ்சம் உயர்ந்தே நின்றது.

"ஒரே ஒரு சுற்று. ஏறு, சுத்து, இறங்கு" என்றார். கதவைச் சாத்தினார்.

ஏறினேன். கீழே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. வறண்ட கண்மாய், ஒற்றைப் பனை, கரிமூட்டத்துப் புகை. மேலிருந்து பார்த்தால் அந்த நாட்டில் ஆட்களே இல்லை என்று சத்தியம் செய்யலாம். திரும்பி, ஓடுதளத்துக்கு நேராக வந்தேன். இன்ஜினைத் தணித்தேன். தரை மேலே வந்தது.

கிராம்பு வாடை.

கைப்பிடி என் நெஞ்சை நோக்கி வந்தது.

நான் தள்ளினேன். அது வந்தது. விமானம் துள்ளி எழும்பியது. இன்ஜினை முழுக்கத் திறந்து மேலே ஓடினேன். ரேடியோவில் சதீஸ்குமார்:

"மாதவன், முன்கூட்டியே இழுக்கறே."

"நான் இழுக்கலை சார்."

ரேடியோ கரகரத்தது. பிறகு மெல்ல, "புரியுது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுபடி வந்தேன். மறுபடி இழுத்தது. மறுபடி ஓடினேன். வலதுபக்கக் கைப்பிடி என்னுடையதோடு சேர்ந்து அசைந்தது. அசையத்தான் செய்யும், இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஆனால் என் கையில் உணர்ந்தது காற்றின் அழுத்தம் இல்லை. கம்பியின் முறுக்கும் இல்லை. பிடித்து, சற்றே விட்டு, மறுபடி பிடிக்கிற அழுத்தம். அது எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும்.

பேரம் பேசுகிற கை.

வேறு யாராக இருந்தாலும் சாமியைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் கழுத்தில் கிடந்த துண்டை உருவி வலதுபக்கக் கைப்பிடி மேல் போட்டேன். தரகன் மகன் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. என் வலது கையைத் துண்டுக்குள் விட்டேன்.

உள்ளே ஒரு கை இருந்தது.

காய்ந்து, சில்லென்று, கட்டைவிரலடியில் காப்புக் காய்த்த கை. அது என் விரல்களைத் தடவிப் பார்த்தது. அவசரம் இல்லை. கூச்சம் இருந்தது, வெகுநாளாக யாரிடமும் பேசாதவனுக்கு வருமே, அந்தக் கூச்சம். பிறகு என் சுட்டுவிரலை மட்டும் எடுத்து அழுத்தியது.

ஒன்று.

எதில் ஒன்று? கீழே ஓடுதளம், முன்னால் வெட்டவெளி. கேட்கக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

இன்னும் ஒரு சுற்று.

உள்ளங்கையை அழுத்தினேன். சம்மதம். சுற்றினேன். அப்படி ஒரு பறப்பு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்க்கவில்லை. வெயில் காற்று மோதவே இல்லை. பக்கத்தில் ஒருவர் சன்னலோரம் சாய்ந்து தன் ஊரைப் பார்த்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது. நரிக்குடிப் பக்கம் வந்தபோது விமானம் தானாகவே கொஞ்சம் அந்தப் பக்கம் சரிந்தது. நான் தடுக்கவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது கைப்பிடி என் விரலுக்குப் பணிந்தது. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

கதவைத் திறந்த சதீஸ்குமார் கை குலுக்கவில்லை. காதோரம் குனிந்து, "வாசனை வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு சார். மேலிடத்துக்கு எழுதிச் சொல்லலாமே?"

"என்னன்னு எழுதறது?" என்றபடி அவர் காலியான இருக்கையைப் பார்த்தார். "நாங்க திரும்பி வர்றதுக்கு நேரமாயிடுச்சுன்னா?"

பேரத்தைத் தொடங்கிவிட்டேன். அடுத்த முறை தனியாகப் போனபோது அந்தக் கை இரண்டு விரலைப் பிடித்தது. அதற்கடுத்த முறை மூன்று. கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்கக் கூடியது. கடைசியில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, எரிபொருள் முள் அடியைத் தொடுகிறவரை என்னை அந்த வெற்று வானத்தில் சுற்றவிட்டது. 

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். உள்ளதை எப்படிச் சொல்ல?

"அப்பா, ஒரு பார்ட்டி. ஒவ்வொரு தடவையும் வெலையை ஏத்திக்கிட்டே போறாரு. கேட்டதைக் குடுத்தாலும் அடங்க மாட்டேங்காரு."

"பிளேன் படிக்கப் போன எடத்துல என்னடா மாட்டு யாவாரம்?"

"சொல்லுங்கப்பா."

"ஏறிக்கிட்டே போனா அது வெலையே இல்லடா. அவனுக்குப் பிரிய மனசில்ல. தொழுவத்துல மாடு நிக்கிறதுதான் அவனுக்குத் தொணை. அவன்கிட்டப் போயி எவனாச்சும் துண்டைப் போடுவானா? ஒதறிட்டு வந்துரு."

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். வெயில் தாழ்ந்த வெளியில் வெள்ளாடு தனியாக நின்றது. ஒவ்வொரு நாளும் நாங்கள் செய்வது என்ன? இன்ஜினை நிறுத்துகிறோம். இறங்குகிறோம். கதவைச் சாத்துகிறோம். திரும்பிப் பார்க்காமல் சோறு தின்னப் போகிறோம். அவர் தரையைக் கண்டு ஏன் மிரள்கிறார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. தரையில்தான் எல்லோரும் அவரை விட்டுவிட்டுப் போனார்கள்.

துண்டை உதறிவிட்டு நானும் பஸ் ஏறியிருப்பேன். ஆனால் மறுநாள் தங்கச்செல்வி திரும்பி வந்தாள். நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"டாக்டரு விட்டாரா?"

"இன்னொரு தடவை அப்படி விழுந்தா காலு ரெண்டும் போயிரும்னாரு. நான் ஏன் விழப்போறேன்?"

"செல்வி, வேணாம். புது பிளேனு வரட்டும்." அது பழுதுக்காக மதுரைக்குப் போயிருந்தது, எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

"அது வாரதுக்குள்ள என் பயிற்சிக் கெடு முடிஞ்சிரும். நாளைக் காலையில வெள்ளாட்டுலதான்." பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏலே மாதவா, தெனம் கனவுல விழுந்துக்கிட்டே இருக்கேன். ஒரு தடவையாச்சும் ஒழுங்கா எறங்கிட்டா அது நிக்கும்" என்றாள்.

அவளுக்கு விரல் பாஷை தெரியாது. ஒரு நாளில் கற்றுக்கொடுக்கிற பாஷையும் இல்லை. கற்றுக்கொண்டாலும், இப்போது அந்தக் கை கேட்பதற்கு எண்ணிக்கை கிடையாது.

மறுநாள் விடிந்ததும் சதீஸ்குமாரிடம் போய், அவளுக்கு முன்னால் நான் ஒரு தடவை போய்வருகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வலது இருக்கையின் பெல்ட்டைத் தானே வந்து மாட்டினார். கொக்கியைப் போட்ட கை சற்று நேரம் அங்கேயே இருந்தது.

மேலே போனதும் துண்டை விரித்தேன். கையை உள்ளே விட்டேன். அது காத்துக்கொண்டிருந்தது. ஐந்து விரலையும் பிடித்தது. அதோடு நிற்காமல் மணிக்கட்டையும் சுற்றிப் பிடித்தது.

எலும்பு வலித்தது.

வாசனை தொண்டைவரை இறங்கியது.

நான் எதிர்விலை சொல்லவில்லை. விரல்களை மெல்ல விடுவித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து அழுத்தினேன். விலை பேசாமல் உள்ளங்கை கொடுப்பவனை எங்கள் சந்தையில் பைத்தியம் என்பார்கள். என்ன கேட்டாலும் சரி என்று அதற்கு அர்த்தம்.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வாங்க, எறங்கிப் போயிருவோம். இங்கன உக்காந்திருக்க வேணாம். எங்கூட வாங்க."

இன்ஜின் சத்தம் தூரத்தில் ஒலிப்பதுபோல் இருந்தது. துண்டுக்குள் எதுவும் அசையவில்லை. ஓடுதளம் எதிரே வந்தது. கானல் அலையடித்தது. ஒரு ஆள் உயரம்.

அந்தக் கை இழுக்கவில்லை.

அது நடுங்கிக்கொண்டிருந்தது.

சக்கரம் உட்கார்ந்தது. இன்ஜினை நிறுத்தினேன். வலது இருக்கையின் பெல்ட்டைக் கழற்றினேன்; இத்தனை நாளில் தனியாகப் போய்வந்த யாரும் இறங்கும்போது அதைக் கழற்றியதாக எனக்கு நினைவில்லை. துண்டு மூடிய கையை எடுக்காமல், என் பக்கக் கதவு வழியாகவே பின்னோக்கி இறங்கினேன். ஒரு பெரியவரைப் பஸ்ஸிலிருந்து இறக்குவதுபோல் அத்தனை மெதுவாக. கையில் கனம் இருந்தது. தரைக்கு வந்ததும் அந்தக் கனம் ஒரு கணம் தயங்கி, பிறகு என்னோடு நடந்தது.

எதிரே சதீஸ்குமார் நின்றிருந்தார். எனக்கு வழிவிட ஓரடி விலகினார். பிறகு இன்னும் ஓரடி விலகினார். தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தங்கச்செல்வி கிளம்பினாள். நான் ஓடுதளத்து ஓரத்தில், துண்டுக்குள் கையை வைத்தபடி நின்றேன். அவள் திரும்பி வந்து தரையை நெருங்கியபோது, அந்தக் கை என் சுட்டுவிரலை மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு இழுத்தது. அதே கணத்தில் வெள்ளாடு மூக்கைத் தூக்கியது. பூ விழுவதுபோல் இறங்கியது.

அவள் ஓடிவந்தாள். சாய்ந்த நடையோடு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"யாருமே இல்ல மாதவா! உள்ள யாருமே இல்ல!"

"தெரியும்" என்றேன்.

நான் அதன் பிறகு விமானம் ஏறவில்லை. ஏறப் படியில் காலை வைத்தால் அந்தக் கை பின்னுக்கு இழுக்கிறது. இறங்கியவருக்கு மறுபடி ஏறும் ஆசை இல்லை போலிருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு வந்ததில் அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஊரில் கேட்பவர்களிடம், "பய மேல போயிப் பாத்துட்டான். அங்க யாவாரம் டல்லாம்" என்கிறார். தங்கச்செல்வி எப்போதாவது போன் செய்வாள். வெள்ளாடு இப்போது துள்ளுவதே இல்லையாம். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்றே தெரியாதாம்.

துண்டை நானேதான் துவைக்கிறேன். அம்மாவிடம் கொடுப்பதில்லை. பிழிந்து, உதறாமல், அப்படியே விரித்துக் காயப்போடுகிறேன். பலகைபோல் விறைத்துக் காய்கிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனால் எத்தனை கூட்டம் இருந்தாலும் என் வலதுபக்கம் யாரும் உட்காருவதில்லை. வருகிறார்கள், குனிகிறார்கள், "ஆளு இருக்கா, சரி" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடங்களிலும் ஏதோ அப்படித்தான் ஆகிறது.

போன வாரம் சந்தைக்குப் போயிருந்தேன். உச்சி நேரம். பால்சாமி என்று ஒரு சம்சாரி, மல்லாங்கிணற்றுப் பக்கம், ஒரு செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பின் தெரியாதவர். பசுவின் பல்லைப் பார்த்தேன். சுழி பார்த்தேன். துண்டை விரித்தேன். இருவரும் கையை உள்ளே விட்டோம். அவர் விரலைப் பிடித்தேன். அவர் யோசித்தார். மறுபடி பிடித்தேன்.

அவர் முகம் சுளித்தது. துண்டைக் குனிந்து பார்த்தார். என் தோளுக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆளை அடையாளம் கண்டுகொள்கிறவர்போல.

பிறகு எரிச்சலோடு சொன்னார்:

"நீங்க ஒரு வெரலைப் புடிக்கிறீக, அவுக ஒரு வெரலைப் புடிக்காக. யாரு தம்பி வெலை பேசுறது? ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

நான் வலதுபக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.